ஜெட் படகின் வயிற்றில் சிக்கிய கயிறு

தரங்கம்பாடியிலிருந்து காரைக்காலுக்குப் பேருந்தில் போகிறவர்களுக்குப் பூவம் என்பது ஜன்னல் வழியே தெரியும் சில நிமிடங்கள். நண்டலாறு, சோதனைச் சாவடி, வரிசையாகச் சில கடைகள் (என்ன கடைகள் என்று விளக்கவேண்டியதில்லை!)... அவ்வளவுதான், ஊர் முடிந்துவிடும். இந்தப் பக்கம் மயிலாடுதுறை மாவட்டம், அந்தப் பக்கம் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. பேருந்தில் தூங்கிக்கொண்டு வருகிறவருக்கு எல்லை தாண்டியதே தெரியாது.

ஆனால் சாலையை விட்டுக் கிழக்கே போனால் கடல் இருக்கிறது. பூவம், மண்டபத்தூர், காளிக்குப்பம் என்று அந்தக் கரையில் நடக்கிறவர்கள் எல்லோர் கண்ணிலும் ஒரு பொருள் படும். கயிறு. பச்சை, நீலம், ஆரஞ்சு என்று துண்டு துண்டாய், பாதி மணலில் புதைந்து, பாதி வெளியே தலைநீட்டி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போனால் ஆற்றோடு வந்த ஆகாயத்தாமரையும் அந்தக் கயிறும் பின்னிப் பிணைந்து கிடக்கும். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. கரையில் கிடக்கும்வரை அது வெறும் குப்பைதான். அதே கயிறு தண்ணீரில் மிதக்கும்போது, அதன்மேல் ஒரு ஜெட் படகு ஏறினால் என்ன ஆகும், பிறகு அதை எப்படி வெளியே எடுப்பது என்பதுதான் இங்கே விஷயம். கேட்பதற்குச் சின்ன விஷயம்போலத் தெரியும். விரல் போகும், படகு போகும், சில சமயம் ஆளே போகும் விஷயம் அது.

முதலில் ஜெட் படகு என்றால் என்ன? விமானத்தில் இருக்கும் ஜெட் எஞ்சின் இல்லை. படகின் அடிவயிற்றில் ஒரு வாய். அதில் கம்பித்தட்டி போட்டிருப்பார்கள். அதன் வழியே தண்ணீர் ஒரு குழாய்க்குள் போகும். உள்ளே ஒரு சுழலி, அதாவது இறக்கைகள் கொண்ட சக்கரம். எஞ்சின் அதைச் சுழற்ற, தண்ணீர் வேகம் பிடித்துப் படகின் பின்புறம் இருக்கும் குறுகிய மூக்கு வழியாகப் பீய்ச்சி அடிக்கும். தண்ணீர் பின்னால் போக, படகு முன்னால் போகும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைக் கையில் பிடித்து, வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழாய் பின்னோக்கி உதறுகிறதே, அதே நியூட்டனின் மூன்றாம் விதிதான். திருப்புவதற்குச் சுக்கான் கிடையாது. பீய்ச்சும் மூக்கையே இடம் வலமாகத் திருப்புவார்கள். பின்னால் போக வேண்டுமென்றால் மூக்குக்கு முன்னால் ஒரு வாளி மாதிரியான தகட்டை இறக்கி, தண்ணீரை முன்பக்கமாகத் திருப்பிவிடுவார்கள்.

இதில் பெரிய வசதி என்னவென்றால், படகுக்குக் கீழே எதுவும் துருத்திக்கொண்டு இருக்காது. சாதாரணப் படகில் அடியில் புரொப்பல்லர் தொங்கும்; மணல் திட்டில் மோதினால் இறக்கை வளையும். ஜெட் படகு முழங்கால் தண்ணீரிலும் போகும். காவிரி கடலில் கலக்கும் இந்தப் பக்கத்து முகத்துவாரங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். நண்டலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, அரசலாறு, திருமலைராஜன் ஆறு என்று வரிசையாக ஆறுகள். பெயர்தான் ஆறு, கோடையில் பல முகத்துவாரங்களில் மணல் மேடிட்டு, ஆடு தாண்டிப் போகும் அளவுக்குத்தான் தண்ணீர்.

காரைக்காலில் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு ஒரு நிலையம் உண்டு. காவல்படையின் இடைமறிப்புப் படகுகளில் ஏராளமானவை எல் அண்ட் டி நிறுவனம் கட்டியவை. ஏறக்குறைய 27 மீட்டர் நீளம், 45 நாட் வரை வேகம், அதாவது மணிக்கு 83 கிலோமீட்டர். உந்துவது வாட்டர்ஜெட். கடற்படையிலும் 2009 முதல் சேர்க்கப்பட்ட கார் நிக்கோபார் வகைக் கப்பல்களுக்கு மூன்று டீசல் எஞ்சின், மூன்று வாட்டர்ஜெட். ஆக, இந்தக் கடலுக்கு இந்த இயந்திரம் புதிதில்லை. கடற்கரைச் சுற்றுலாத் தலங்களில் காசு கொடுத்து ஓட்டுகிறோமே ஜெட் ஸ்கி, அதன் வயிற்றிலும் இருப்பது இதுவேதான், சின்ன அளவில்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நியூசிலாந்தில் செம்மறியாடு வளர்த்த பண்ணைக்காரர், பில் ஹாமில்டன். 1899-ல் பிறந்தவர். அவர் ஊர்ப்பக்கத்து ஆறுகளும் ஏறக்குறைய நம்மூர் ஆறுகள் மாதிரிதான். அகலம் நிறைய, ஆழம் குறைவு, கூழாங்கல் மட்டும் அதிகம். அதில் எதிர்நீரோட்டத்தில் போக ஒரு படகு வேண்டும் என்று ஆசைப்பட்டு 1950-களில் செய்து பார்த்தார். முதலில் தண்ணீரைப் பீய்ச்சும் மூக்கைப் படகுக்கு அடியில் வைத்தார், வேகம் சுமார்தான். பிறகு அதைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கிப் பின்பக்கம் வைத்ததும் படகு பறந்தது. 1960-ல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாக, எதிர்த்திசையில் ஏறிப் போயின.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1977-ல் மூன்று ஜெட் படகுகளை எடுத்துக்கொண்டு கங்காசாகரில் கடலிலிருந்து கிளம்பினார். கங்கையில் எதிர்நீச்சல் போட்டு இமயமலைவரை போவது திட்டம். படகுகளின் பெயர்கள் கங்கா, கிவி, ஏர் இந்தியா. ஓட்டியவர்களில் முக்கியமானவர் பில் ஹாமில்டனின் மகன் ஜான் ஹாமில்டன். கல்கத்தா, பாட்னா, வாரணாசி, ஹரித்துவார் எல்லாம் தாண்டி, பாறையும் நுரையுமாகப் பாயும் வெள்ளத்தில் ஏறி, நந்தபிரயாகைக்கு அருகே ஓர் அருவி வந்துதான் அவர்களை நிறுத்தியது. பாறை நிறுத்தவில்லை, சுழல் நிறுத்தவில்லை. இதைப் படித்துவிட்டு ஜெட் படகை எதுவும் ஒன்றும் செய்யாது என்ற நினைப்பு வந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் பாறையைச் சமாளிக்கும் இயந்திரம் விரல் தடிமன் கயிற்றிடம் தோற்றுப்போகும். காரணம், பாறை வெளியே நின்று மோதுகிறது. கயிறு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

கம்பித்தட்டி எதற்கு இருக்கிறது, அது கயிற்றைத் தடுக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கம்பிகளை நெருக்கமாக வைத்தால் கல்லும் கட்டையும் வராது. ஆனால் தண்ணீரும் சரியாக வராது. சுழலிக்குத் தண்ணீர் போதாமல் உள்ளே குமிழ் குமிழாய் வெற்றிடம் உண்டாகி, எஞ்சின் கத்தும், படகு நகராது. அகலமாக வைத்தால் தண்ணீர் தாராளமாக வரும், கூடவே மற்றதும் வரும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியை வைக்கிறார்கள். அந்த இடைவெளி கல்லுக்குப் பொருந்தும், கயிற்றுக்குப் பொருந்தாது. கயிறு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதன் முனை விரல் தடிமன்தான். முனை நுழைந்துவிட்டால் போதும், உறிஞ்சும் வேகத்தில் மிச்சம் எல்லாம் நூடுல்ஸ் மாதிரி உள்ளே போய்விடும். உள்ளே சுழலும் தண்டு அதைச் சுருட்டிக்கொள்ளும்.

எந்தக் கயிறு என்பதும் முக்கியம். நைலான் கடல்நீரைவிடக் கனம், அடர்த்தி 1.14, கடல்நீர் ஏறத்தாழ 1.025. தளர்வாக விட்டால் மூழ்கிவிடும். பாலிப்ரொப்பிலீன் 0.91, பாலிஎத்திலீன் 0.95, இரண்டும் மிதக்கும். ஜெட் படகின் வாயோ நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. கரையில் கிடக்கும் அந்தப் பளபளப்பான மலிவுக் கயிறுகள் பெரும்பாலும் மிதக்கும் சாதி. மிதப்பதால் அலைந்துகொண்டே இருக்கும், கண்ணுக்கும் சரியாகத் தெரியாது, தேடிவந்த மாதிரி ஜெட்டின் வாய்க்கு நேரே வரும்.

இதில் ஒரு வேடிக்கை. உலகமெங்கும் ஜெட் படகுக்காரர்கள் அடிக்கடி சிக்கவைத்துக்கொள்வது ஊரார் கயிற்றை அல்ல, தங்கள் சொந்தக் கயிற்றை! துறையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து முழுதும் உள்ளே இழுக்காமல் எஞ்சினைக் கிளப்பிவிடுவார்கள். தொங்கிய முனை தண்ணீரில் விழும், அடுத்த நொடி காணாமல் போகும். புரொப்பல்லர் படகாக இருந்தால் கியர் போடும்வரை அவகாசம் உண்டு. ஜெட் ஸ்கியிலும் பல சின்ன ஜெட் படகுகளிலும் எஞ்சினுக்கும் சுழலிக்கும் நடுவே பிரிக்கும் ஏற்பாடே கிடையாது. எஞ்சின் ஓடினால் சுழலி சுழலும். 'நியூட்ரல்' என்று அவர்கள் சொல்வது, அந்த வாளித்தகட்டைப் பாதி இறக்கி, தண்ணீரை முன்னும் பின்னும் சமமாகப் பிரித்து, படகை நின்ற இடத்தில் நிற்கவைப்பது. நிற்கிற படகுக்கு அடியில் வாய் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது. படகு சும்மா நிற்கிறதே என்று கையை விட்டுப் பார்க்கிறவர்கள் விரலை இழப்பது இந்த இடத்தில்தான்.

இந்தக் கரை மீனவர்களின் படகோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. அவற்றில் பலவற்றில் இருப்பது லம்பாடி எஞ்சின். (லம்பார்டினி என்ற இத்தாலியப் பெயர் கடற்கரையில் அடைந்த மோட்சம் அது.) எஞ்சின் படகுக்குள் இருக்கும், அதிலிருந்து நீண்ட தண்டு பின்னால் தண்ணீருக்குள் போகும், நுனியில் புரொப்பல்லர். வலையோ கயிறோ சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, தண்டை அப்படியே தண்ணீருக்கு வெளியே தூக்கிவிடலாம். எங்கே சுற்றியிருக்கிறது, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் அவிழ்க்கவேண்டும் எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். கத்தி எடுத்தால் சீக்கிரம் வேலை முடிந்துவிடும். கோடிக்கணக்கில் விலைபோட்ட ஜெட் படகில் இந்த வசதி இல்லை. கயிறு ஒரு இருட்டுக் குழாய்க்குள், தண்ணீருக்கு அடியில், படகின் வயிற்றுக்கு மேலே. பார்க்கவும் முடியாது, எளிதில் எட்டவும் முடியாது.

சரி, சிக்கிவிட்டது. எப்படித் தெரியும்? இரண்டு விதமாகத் தெரியும். கயிறு கொஞ்சமாகப் போய் வாயை மட்டும் அடைத்திருந்தால், எஞ்சின் சுற்று ஏறும், ஊளையிடும், படகு மட்டும் சோம்பி நிற்கும். தண்டில் நன்றாகச் சுற்றிவிட்டால் எதிர்மாறு. எஞ்சின் திணறும், படகு உதறும், ஒரு கட்டத்தில் டக்கென்று நின்றுவிடும். இரண்டிலும் செய்யக்கூடாத காரியம் ஒன்றே. 'இன்னும் கொஞ்சம் முறுக்கினால் அறுத்துக்கொண்டு போய்விடும்' என்று விசையைக் கூட்டுவது. அது அறுபடாது. சுழலிக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. சின்ன ஜெட்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் மாட்டும் கயிறு உரசி உரசிச் சூடாகும். பாலிஎத்திலீன் 130 டிகிரியிலும், பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி வாக்கிலும், சாதாரண நைலான் 220 டிகிரி வாக்கிலும் உருகும். உருகி, எஞ்சின் நின்றதும் தண்ணீரில் குளிர்ந்து, தண்டைச் சுற்றி ஒரே பிளாஸ்டிக் வளையமாக இறுகிவிடும். அதற்கு முனையும் இல்லை, முடிச்சும் இல்லை. முதல் நிமிடத்தில் எஞ்சினை நிறுத்தியவருக்குக் கயிறு. முறுக்கிப் பார்த்தவருக்குக் கல்.

நிறுத்தியதும் அடுத்த வேலை கயிறு இல்லை, நங்கூரம். இதைப் பலர் மறந்துபோவார்கள். எஞ்சின் இல்லாத படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் சொந்தம். அரசலாற்று முகத்துவாரம் மாதிரியான இடத்தில், ஆற்றுநீரும் அலையும் மோதுகிற இடத்தில், பக்கவாட்டில் திரும்பி நிற்கும் படகை அலை புரட்டிவிடும். அதனால் முதலில் முன்பக்கத்திலிருந்து நங்கூரம் விட்டு, படகின் மூக்கை அலைக்கு நேரே நிறுத்தவேண்டும். வேலை பின்பக்கம்தானே என்று பின்னாலிருந்து நங்கூரம் போட்டால், அலை பின்புறம் ஏறி உள்ளே கொட்டும். இரண்டு ஜெட் உள்ள படகுக்காரர் கொடுத்துவைத்தவர்; கெட்டதை நிறுத்திவிட்டு நல்லதை வைத்து மெல்ல ஆழமான, அமைதியான இடத்துக்குப் போகலாம். கடலில் கயிறு எடுப்பதைவிடத் துறையில் எடுப்பது எப்போதும் மேல். ஜெட் ஸ்கியை வேறு படகில் கட்டி இழுப்பதானால் நடை வேகத்தில்தான் இழுக்கவேண்டும். வேகமாக இழுத்தால், குளிர்விக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி எஞ்சினுக்குள்ளேயே புகுந்துவிடும். கயிறால் போகாத எஞ்சின் காப்பாற்றியவரால் போகும்.

பிறகு சாவியை எடுக்கவேண்டும். எஞ்சினை நிறுத்தியாயிற்றே, சாவி எதற்கு என்றால், கீழே ஒருவர் கையை விட்டிருக்கும்போது மேலே வேறொருவர் 'ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாமே' என்று பட்டனை அழுத்துவார். நல்ல எண்ணத்தில்தான் அழுத்துவார். ஆகவே சாவி, தண்ணீருக்குள் கைவிடுகிறவரின் இடுப்பில் இருக்கவேண்டும். பாட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டால் இன்னும் நிம்மதி.

இதற்குப் பிறகுதான் கயிறு. பெரிய ஜெட்களில் படகுக்குள்ளேயே, நீர்மட்டத்துக்கு மேலே, ஒரு சோதனை மூடி இருக்கும். அதைத் திறந்து குழாய்க்குள் கைவிட்டால் தண்டையும் கயிற்றையும் தொடலாம். ஹாமில்டன் கம்பெனி சில மாடல்களுக்கு உள்ளிருந்தே நெம்பிக் கம்பித்தட்டியைச் சுரண்டும் வாரி ஒன்றும் கொடுக்கிறது. பாசி, ஆகாயத்தாமரை, பாலிதீன் பை வகையறாவுக்கு அது போதும். ரிவர்ஸ் கியர்பெட்டி உள்ள படகில் சுழலியை எதிர்த்திசையில் மெதுவாகச் சுழற்றி, உள்ளிருக்கும் குப்பையை வந்த வழியே துப்பவைக்கலாம். இலைதழைக்கு அருமையான வழி. கயிற்றுக்கு இதைச் செய்வது சூதாட்டம். ஒருவேளை அவிழும், அல்லது ஏற்கெனவே வலமாகச் சுற்றியதன்மேல் இடமாகவும் ஒரு சுற்றுச் சுற்றி, எந்த முனை எங்கே என்றே தெரியாமல் ஆக்கிவிடும்.

கயிற்றுக்குப் பொறுமைதான் கருவி. முதலில் வெளியே தொங்கும் முனையைத் தேடிப் பிடிக்கவேண்டும். அந்த முனையின் மறுபக்கம் கனமாக எதிலாவது, ஒரு வலையிலோ நங்கூரக் கல்லிலோ, கட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் கயிறு விண்ணென்று இறுகும். படகு மேலே எழும்போது நடுவில் மாட்டும் கை தப்பாது. ஆகவே அந்த இழுப்பை முதலில் நீக்கிவிட்டு, ஜெட் பக்கம் ஒரு கைநீளம் மிச்சம் வைத்து வெட்டவேண்டும். ஒட்ட வெட்டிவிட்டால் பிறகு இழுக்க எதுவும் இருக்காது. பிறகு இரண்டு பேர் வேலை. ஒருவர் உள்ளே தண்டைக் கையால் பின்னோக்கித் திருப்பவேண்டும், இன்னொருவர் முனையை லேசாக, மிக லேசாக, இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். கால் சுற்றுக்குக் கால் சுற்று. பலமாக இழுத்தால் மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து பூட்டிக்கொள்ளும். கிணற்றில் சகடையிலிருந்து நழுவி அச்சுக்குள் மாட்டிய கயிற்றை எடுத்த பாட்டிமார்களுக்கு இந்த வித்தை சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை.

வராவிட்டால்தான் வெட்டு. தண்டுக்கு இணையாக, நீளவாக்கில், சுற்றுகளைக் குறுக்கே அறுக்கவேண்டும். ரம்பப் பல் வைத்த கத்தி, உருகி இறுகியதற்கு ஹாக்ஸா பிளேடு. தண்டு குழாயை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் புகாமல் காக்கும் சீல் இருக்கிறது. பிளேடு அதைக் கீறிவிட்டால் கயிறு போய்விடும், அந்த இடத்தில் ஓட்டை வந்துவிடும். நெருப்பு வைத்து உருக்கலாமே என்று சிலர் யோசிப்பார்கள். பெட்ரோல் ஆவி நிற்கும் எஞ்சின் அறையில் அந்த யோசனையைப் பற்றி எழுதவே பயமாக இருக்கிறது.

சோதனை மூடியும் இல்லை, எட்டவும் இல்லை என்றால் ஒருவர் தண்ணீரில் இறங்கித்தான் ஆகவேண்டும். இந்த வேலையிலேயே மிக ஆபத்தான கட்டம் அது. கரையிலிருந்து பார்த்தால் படகு சும்மா ஆடுகிற மாதிரி இருக்கும். கீழே இருப்பவருக்கு, டன் கணக்கில் எடையுள்ள கூரை ஒன்று தலைக்குமேல் ஒரு முழம் எழுந்து ஒரு முழம் இறங்குகிறது. அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசுச் சிப்பி முதுகைக் கீறும். கலங்கல் தண்ணீரில் கண் தெரியாது. தளர்ந்து மிதக்கும் கயிறு காலைச் சுற்றும். இறங்குகிறவர் இடுப்பில் ஒரு கயிறும், அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வேறெதையும் பார்க்காமல் ஒருவரும் இருக்கவேண்டும். அலை பெரிதாக இருந்தால் இறங்கவே கூடாது. படகு இன்னொரு நாள் இழுத்து வரப்படலாம்.

கயிற்றில் மாட்டுவது சின்னப் படகுகளின் தலைவிதி என்று நினைக்கவேண்டாம். 2005 ஆகஸ்டில் ரஷ்யாவின் கம்சட்கா கடற்கரைக்கு அப்பால், ஏஎஸ்-28 என்ற சிறு நீர்மூழ்கி சுமார் 190 மீட்டர் ஆழத்தில் மீன்வலையிலும் கம்பிவடத்திலும் சிக்கியது. உள்ளே 7 பேர். மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டிருந்தது. பிரிட்டனிலிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்ட ஸ்கார்ப்பியோ என்ற இயந்திரம் இறங்கி வலையை ஒவ்வொன்றாக வெட்டிய பிறகு, அது தானாக மேலே வந்தது. ஏழு பேரும் பிழைத்தார்கள். ஒரு வல்லரசின் கடற்படைக்கு எதிரியாக வாய்த்தது மீன்வலை.

இவ்வளவு நேரம் படகின் பக்கத்திலிருந்தே பேசியாயிற்று. கயிற்றின் பக்கம் ஒன்று இருக்கிறது. கடலில் கிடக்கும் கயிறு எல்லாம் குப்பை இல்லை. இரவில் மிதக்கவிடும் வலையின் மேல்கயிறு யாரோ ஒருவரின் பிழைப்பு. அந்த வலைக்குக் கடன் இருக்கும், வட்டி இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் துறையில் நின்றாலும், சின்னப் படகுகளின் வலை கடலில் இருக்கத்தான் செய்யும். ஒரு குட்டி மிதவைதான் அடையாளம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அது தெரிவதற்குள் தாண்டிவிடும். சிக்கியவருக்கு வலை மேல் கோபம், வலைக்காரருக்குப் படகு மேல் கோபம். இரண்டு கோபமும் நியாயமானதே. ஆனால் வெட்டுகிற கத்தி எப்போதும் படகில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்கவேண்டும்.

இதற்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. 1882-ல் ஹேக் நகரில் வடகடல் மீன்பிடிப்புக்காக ஆறு நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. வலைகள் ஒன்றோடொன்று சிக்கினால் இரு தரப்பும் சம்மதிக்காமல் வெட்டக்கூடாது. தூண்டில் கயிறுகள் சிக்கி வெட்டியே ஆகவேண்டிய நிலை வந்தால், வெட்டிய கயிற்றை உடனே சேர்த்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும் என்று அதில் எழுதிவைத்தார்கள். கையெழுத்திட்டவர்களில் பிரான்சும் டென்மார்க்கும் உண்டு. ஒருவர் அப்போது காரைக்காலை ஆண்டவர், மற்றவர் 1845 வரை தரங்கம்பாடியை வைத்திருந்தவர்! பூவத்துக்குத் தெற்கே ஒருவர், வடக்கே ஒருவர். அந்த ஒப்பந்தம் இந்தக் கடலுக்கு எழுதப்பட்டதில்லை. ஆனாலும் வெட்டிய இரு முனைகளையும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போக இரண்டு நிமிடம் ஆகாது. போடாவிட்டால் பாதி வலை அடித்துக்கொண்டு போய்விடும்.

அப்படிப் போகிற வலை சும்மாவும் இருப்பதில்லை. ஆள் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். தை, மாசி, பங்குனியில் முட்டையிட இந்தக் கரைக்கு வரும் பங்குனி ஆமைகள் அதில் மாட்டும். காற்றுக்கு மேலே வரமுடியாமல் மூச்சுமுட்டிச் சாகும். கப்பல்களிலிருந்து செயற்கைக் கயிறும் வலையும் கடலில் எறியப்படுவதை மார்ப்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31 முதல் தடைசெய்திருக்கிறது. மீன்பிடிக் கருவிகளில் உரியவர் அடையாளம் பொறிக்கவேண்டும் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2018-ல் வழிகாட்டுதல்களும் வெளியிட்டது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கடலில் கயிறும் இருக்கிறது.

ஜெட்டிலிருந்து கயிறு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உடனே சீறிக்கொண்டு கிளம்பக்கூடாது. சாவியைப் போடுமுன் தண்டைக் கையால் முழுச் சுற்று திருப்பிப் பார்க்கவேண்டும். எங்கும் உரசாமல் போகவேண்டும். பிறகு எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, ஒருவர் படகின் அடித்தளத்தில் டார்ச் அடித்துச் சீல் பக்கம் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். உருகிய பிளாஸ்டிக் துணுக்கு ஒன்று சீலுக்குள் மாட்டியிருந்தால் அன்றைக்குத் தெரியாது, பத்து நாள் கழித்துத் தண்ணீர் தெரிவிக்கும். கசிந்தால் பாதி வேகத்தில், கரையை ஒட்டி, நேராகத் துறைக்கு.

எடுத்த கயிற்றை வெறுப்பில் திரும்பவும் கடலிலேயே வீசுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பக்கத்துப் படகுக்கோ, அடுத்த வாரம் அதே படகுக்கோ திரும்பி வரும். படகில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தால் அதற்கு வேலை இருக்கிறது. மண்டபத்தூர்ப் பக்கம் கீற்றுக் கூரைகளைப் பார்த்தால் தெரியும். ஐப்பசிக் காற்றுக்குக் கீற்று பறக்காமல் இருக்க, மேலே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருப்பது அதே பச்சை, நீலக் கயிறுதான். சிலவற்றில் நடுநடுவே உருகிக் கட்டிதட்டிய இடம்கூட இருக்கும்.